கடையில நரம்பு சுத்தி வாங்குறீங்களா? ரீலைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

சென்னை,

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எண்ணூர் முகத்துவாரம், கோவளம் பக்கம் போனால் தூண்டில் கம்போடு நிற்பவர்களைப் பார்க்கலாம். மூட்டை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், ஒர்க்‌ஷாப் பையன் என வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஒருநாள் வருகிறவர்கள் இதில் பலர். கட்டையில் சுற்றி வைத்து வீசிய காலம் போய், இவர்கள் கையிலும் ரீல் வந்துவிட்டது.

கூட்டத்தில் ஒருவராவது மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிக்கு எடுத்துக்கொண்டிருப்பார். கேட்டால், ''ரீல் டூப்ளிகேட்டு, ஏமாந்துட்டேன்'' என்பார். ரீல் மேல் தப்பே இல்லாமல் இருக்கலாம். வாங்கிய அன்று கடையில் அவசர அவசரமாக நரம்பு சுற்றிக் கொடுத்தார்களே, கோளாறு அங்கேயே ஆரம்பித்திருக்கும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

முறுக்கு ஏறுவது எப்படி?

சாதாரணமாக எல்லோரும் வாங்குவது ஸ்பின்னிங் ரீல். இதில் ஹேண்டிலைச் சுற்றும்போது நரம்பு ஏறும் ஸ்பூல் சுழலாது. அதைச் சுற்றி ஓடும் கம்பி வளையம்தான் நரம்பை வாரிச் சுற்றும். இதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஒரு முறுக்கு விழும்.

கடையில் என்ன செய்கிறார்கள்? நரம்பு உருளையின் ஓட்டையில் பென்சிலை விட்டு ஒரு பையன் பிடித்துக்கொள்வான். இன்னொருத்தர் கடகடவென்று சுற்றுவார். உருளை நேராக உருண்டு வருவதால் விழும் முறுக்கை எடுக்க வழியே இல்லை. 4 செ.மீ. விட்டமுள்ள ஸ்பூலில் 150 மீட்டர் ஏற்ற சுமார் 1,200 சுற்று வேண்டும். 1,200 முறுக்கோடு வீட்டுக்கு வருகிறது ரீல்! முதல் நாள் வீசும்போதே சுருள் சுருளாகக் கிளம்பி வளையத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

உருளையைத் தரையில் படுக்கப் போட்டு, அதன் மேல்பக்கத்திலிருந்து நரம்பு வளையம் வளையமாகக் கழன்று வரும்படி சுற்ற வேண்டும். 10, 15 சுற்று போட்டதும் நிறுத்தி நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். சுருண்டால் உருளையைக் கவிழ்த்துப் போட்டால் போதும். ஒரு திசையில் ஏறும் முறுக்கை மறு திசையில் கழலும் முறுக்கு தின்றுவிடும். பென்சில் வைத்தியம் ஸ்பூலே சுழலும் பெய்ட்காஸ்டர் ரீலுக்குத்தான் சரி.

சில கடைகளில் மெஷின் இருக்கிறது. அதில் ஸ்பூலே சுழல்வதால் முறுக்கு விழாது. ஆனால் எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் பிறகு வீசி இழுக்கும்போது முறுக்கு ஏறும். காய்ந்த துணியால் இறுக்கிப் பிடித்து வேகமாக ஓட்டினால் நைலான் சூடேறி வலுவும் போய்விடும்.

டிராக் போச்சா, நரம்பு வழுக்குதா?

பெரிய ஏமாற்றம் பிரெய்டில்தான். பின்னல் நரம்பான இது மெல்லியது, வலுவானது, விலையும் அதிகம். ஆனால் வழவழப்பு. ஸ்பூலின் வெறும் உலோகத்தில் இதை நேராகச் சுற்றினால் பிடிப்பே இருக்காது. மொத்தச் சுற்றும் ஒரே கட்டாக ஸ்பூல் மேல் வழுக்கும்.

கொடுவாவோ பாறையோ கடித்து இழுக்கிறது என்று வையுங்கள். டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் ஹேண்டில் சும்மா சுற்றும், மீன் வராது. ''டிராக் போச்சு'' என்று மறுநாள் ரீலைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடுவார்கள். அவர் கழற்றி கிரீஸ் போட்டுக் காசு வாங்குவார். அடுத்த ஞாயிறும் அதே கதை!

இதற்கு முதலில் சாதா நைலான் நரம்பைச் சில சுற்று போட்டு அதன் மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஸ்பூலில் ஒரு துண்டு டேப்பாவது ஒட்ட வேண்டும். கடைசி கட்டு இனி யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை என்று வெறும் முடிச்சு போட்டுவிடும் கடைக்காரரும் உண்டு. பெரிய மீன் கடைசி வரை இழுத்துவிட்டால் முடிச்சு அவிழ்ந்து 200 மீட்டர் நரம்பும் கடலோடு போய்விடும்.

தளர்வாகச் சுற்றினாலும் ஆபத்துதான். மீன் இழுக்கும்போது மேல் நரம்பு கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் பாதியில் 'டக்'கென்று நின்று, காசு போட்டு வாங்கிய செயற்கை மீன் அறுந்து பறக்கும். ஈரத்துணியால் நரம்பைப் பிடித்துக்கொண்டு, விடாமல் இறுக்கமாகச் சுற்ற வேண்டும்.

மீட்டர் கணக்கு

ஸ்பூலில் 0.30/200 என்று போட்டிருந்தால் 0.30 மி.மீ. தடிமனுள்ள நரம்பு 200 மீட்டர் பிடிக்கும் என்று அர்த்தம். ''பெரிய மீன் வரும், 0.40 போட்டுக்கங்க'' என்று கடையில் சொன்னால் சரிதான். ஆனால் அது அதே ஸ்பூலில் சுமார் 112 மீட்டர்தான் ஏறும். 200 மீட்டருக்குப் பில் போட்டால் கேள்வி கேளுங்கள். மெஷினில் மீட்டர் காட்டும் கவுண்ட்டர் இருந்தால் அது பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் பங்கில் பார்ப்பது மாதிரிதான்.

காசு கொடுத்தாயிற்றே என்று விளிம்பு வரை நிரப்பச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். விளிம்புக்குக் கீழே 2 மி.மீ. இடம் விட வேண்டும். தளும்பத் தளும்ப இருந்தால் நாலைந்து சுற்று ஒன்றாகச் சரிந்து சிக்காகும். ரொம்பக் குறைந்தால் விளிம்பில் உரசி வீச்சு எட்டாது.

கடை வாசலில் வெயில் படும்படி தொங்கும் நைலான் நரம்பையும் தொடாதீர்கள். வெயில் பட்டால் அது உளுத்துப்போகும். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும்.

ஏற்கனவே முறுக்கு விழுந்த நரம்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முள், ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஆள் இல்லாத மைதானத்தில் முழு நரம்பையும் நீளமாக விட்டு, துணியில் பிடித்தபடி மெதுவாகச் சுற்றினால் முறுக்கு நுனி வழியாக வெளியேறும். படகில் போகிறவர்கள் வெறும் நரம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாலே போதும். சிக்கு வந்ததும் கத்தியால் அறுத்து மணலில் வீசிவிட்டுப் போகிறார்கள் பாருங்கள், அது காக்கா காலிலும், வருடத் தொடக்கத்தில் முட்டையிட வரும் ஆமையின் துடுப்பிலும் சுற்றுகிறது. சுருட்டிப் பையில் போட்டுக் கொண்டுவர ஒரு நிமிஷம் ஆகாது.

கடையில் சுற்றச் சொல்வதே தப்பு என்பதில்லை. பக்கத்தில் நின்று சுற்ற வைக்கும், முறுக்கை நிறுத்திப் பார்க்கும் கடைக்காரரும் இருக்கிறார். கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். நரம்பின் தடிமன், நீளம், சுற்றுக்கூலி மூன்றையும் எழுதி பில் வாங்குங்கள். குறைந்த நீளத்துக்குக் கூடுதலாக வாங்கிவிட்டு, போய்க் கேட்டால் கையை விரிக்கிறார்கள் என்றால், நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். அப்போது அந்த பில் கையில் இருக்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.