செம்பனை நிரையில் வழி தவறும் கேமரா

2016 ஆகஸ்டு 6ஆம் தேதி போக்கேமான் கோ விளையாட்டு மலேசியாவுக்கு வந்தது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் எதிரே மரத்தடியிலோ படிக்கட்டிலோ ஒரு கற்பனைப் பிராணி நிற்கும். அதைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளோடு பெரியவர்களும் தெருவில் இறங்கினார்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் தேடிச் செல்ல வேண்டிய நிறுத்தங்கள் எல்லா இடத்திலும் சமமாக இல்லை. ஆட்டத்தை உருவாக்கிய நியாண்டிக் நிறுவனம் அதற்கு முன் இங்கிரெஸ் என்ற விளையாட்டை நடத்தியது. அதில் ஆட்டக்காரர்கள் குறித்துக் கொடுத்த சிலைகளும் கோயில்களும் கட்டடங்களும்தான் புதிய ஆட்டத்துக்கும் அடித்தளம். ஆட்டக்காரர்கள் நகரத்தில் குவிந்திருந்ததால் நகரங்கள் நிறைந்தன. நாட்டுப்புறங்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டப்புறங்களை வைத்துப் பார்த்தால் இது வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. இத்தகைய மென்பொருள்கள் யாராவது அளந்து கொடுத்த உலகத்தை மட்டுமே காட்டும். அளக்காத இடம் அவற்றுக்கு இல்லாத இடம்.

இவற்றில் இரண்டு வகை உண்டு. மிகைமெய் என்பது கண்ணெதிரே இருக்கும் இடத்தின்மேல் ஒரு படத்தைப் பொருத்துவது. மெய்நிகர் என்பது இருக்கும் இடத்தை முழுக்க மறைத்து, கண்ணாடிக்குள் வேறோர் இடத்தைக் காட்டுவது. பார்ப்பவரின் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விடாமல் கணக்கிடுவதுதான் இரண்டுக்கும் பெரிய வேலை. அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் 1968இல் காட்டிய முதல் தலைக்கருவியில், கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கை இந்த அளவை எடுத்தது. இன்று கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய உணரிகள் சுழற்சியையும் வேக மாற்றத்தையும் அளக்க, கேமரா சுற்றுப்புறத்தைப் பார்த்து அந்தக் கணக்கைத் திருத்துகிறது. தலை திரும்பியபின் படம் மாற ஏறக்குறைய 20 மில்லிநொடிக்கு மேல் பிடித்தால் கண் சொல்வதும் காதின் சமநிலை உறுப்பு சொல்வதும் முரண்படும். குமட்டல் வருவது அதனால்தான்.

கேமரா எதைப் பார்த்துத் தன் இடத்தை அறிகிறது? சுவரின் மூலை, கதவின் விளிம்பு, தரையின் கறை போன்ற அசையாத, தனித்துத் தெரியும் புள்ளிகளைப் பார்த்து. செம்பனைத் தோட்டத்தில் இதுவே சிக்கல். ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில், முக்கோண வரிசையில், ஒரே வயது மரங்கள். இந்த நிரைக்கும் அடுத்த நிரைக்கும் வேற்றுமை தெரியாது. மட்டைகள் காற்றில் ஆடுகின்றன. தலைக்கு மேல் மூடிய இலைக்கூரை செயற்கைக்கோள் சமிக்ஞையையும் தடுமாற வைக்கிறது. வரவேற்பறையில் பிசகாமல் நிற்கும் மிகைமெய்ப் பொம்மை, நிரைக்குள் நழுவத் தொடங்கிவிடும். குலை வெட்டுபவருக்குப் பழுத்த குலையைச் சுட்டிக்காட்டும் கண்ணாடி வேண்டுமென்று கேட்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய கணக்கு இது.

கைவேலையை மெய்நிகரில் பழக்குவது இன்னும் கடினம். ரப்பர் மரம் வெட்டும் கத்தி, பட்டையின் உட்புறத்தில் உள்ள பால்குழல்களை அறுக்க வேண்டும். அதற்கும் உள்ளே இருக்கும் வளர்படையைத் தொடக்கூடாது. இடையில் விடும் பட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். வெட்டின் சாய்வையும் கோட்டையும் மெய்நிகர்க் கண்ணாடி நன்றாகவே காட்டும். கத்தி எவ்வளவு இறங்கியது என்பதை மணிக்கட்டு உணர்வதற்குத் தனிக் கருவி வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் தொடுவுணர்வுத் துறையில் ஆராய்ந்து வருகிறார். மெய்நிகர், மிகைமெய்த் தொழில்நுட்பங்களுக்கென்றே அங்கே ஒரு மையமும் இயங்குகிறது. தோட்டத் தொழிலுக்கு இத்தகைய ஆராய்ச்சி மிகவும் தேவை.

இன்றைய கைப்பேசியே போதும் என்று சொல்லக்கூடிய பயன் ஒன்று இருக்கிறது: இடத்தைப் பதிந்து வைப்பது. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளிவந்த ஒரு விளையாட்டுக்காக நுணுக்கமாக உருவாக்கியிருந்தது. 2019 ஏப்ரலில் தேவாலயம் தீப்பற்றியது. பிறகு அந்த விளையாட்டு உருவத்தைக் கொண்டே, எரிவதற்கு முந்திய கட்டடத்துக்குள் நடந்து பார்க்கும் மெய்நிகர் உலா உருவானது. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் முன்பே லேசர் கருவியால் எடுத்துவைத்த துல்லிய அளவுகளும் இருந்தன.

நெகிரி செம்பிலானின் நீலாயிலும் செண்டாயானிலும் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியாகி வெகுகாலம் ஆகிறது. தொழிலாளர் குடியிருந்த லயம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை, ரப்பர் பால் சேர்த்த பால் ஸ்டோர், காலையில் ஆட்கள் கூடிய பெரட்டுக்களம் எல்லாம் ஒரு புல்டோசர் வேலைக்குள் போய்விடுகின்றன. இவற்றுக்கு லேசர் கருவி வருமென்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே சுவரைப் பல கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து பொதுப் புள்ளிகளைக் கண்டுபிடித்து, மென்பொருளே முப்பரிமாண உருவத்தைக் கட்டிவிடும். ஒவ்வொரு படமும் முந்திய படத்தோடு மூன்றில் இரண்டு பங்காவது ஒத்துப்போக வேண்டும். நிழல் கனக்காத மேகமூட்டமான நாள் நல்லது. வெள்ளையடித்த வெறுஞ்சுவரும் மின்னும் தகரக் கூரையும் மென்பொருளைக் குழப்பும்; அங்கே படங்களைக் கூட்டி எடுக்க வேண்டும். அளவு நாடாவைச் சுவரோரம் விரித்து வைத்தால் உருவத்தின் அளவும் சரியாக வரும்.

அப்படிக் கிடைப்பது ஆளில்லாத கட்டடம். யூனிட்டி போன்ற விளையாட்டு மென்பொருளில், ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஒலிப்பதிவைப் பொருத்தலாம். பார்ப்பவர் நெருங்கும்போது மட்டும் அது கேட்கும். அந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தக் கங்காணி காலத்தில் வந்தார்கள், திருவிழாவுக்குப் பந்தல் எங்கே போட்டார்கள் என்று அங்கே வாழ்ந்தவரே சொல்ல வேண்டும். படம் எடுக்க ஓரிரு நாள் போதும். பேசவைத்துப் பதிய மாதங்கள் ஆகும்; சொல்லத் தெரிந்தவர்களோ முதியவர்கள். எனவே தோட்டப் பள்ளியோ கோயில் குழுவோ இதைக் கையில் எடுத்தால், படமெடுப்பதற்கு முன்பே ஒலிப்பதிவைத் தொடங்குவதே முறை.