நெடுந்தீவைப் படமெடுத்தல்

நாள்தோறும் நகரி மலைகளைக் காணும் நமக்கு, குன்றே இல்லாத நிலம் வியப்பளிக்கும். இலங்கையின் வடபால், பாக்கு நீரிணையில் உள்ள நெடுந்தீவு அத்தகையது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்குத் தடையின்றி வீசும்.

காற்றைப் படமெடுக்க இயலாது. அது அசைப்பனவற்றை எடுக்கலாம். ஒருபுறமாய் ஒதுங்கிய பனையோலைகளும், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தன எனப்படும் காட்டுக் குதிரைகளின் பிடரிமயிரும் காற்றின் திசையைக் காட்டும். மேடற்ற நிலம் படத்தில் வெறுமையாகத் தோன்றும். எனவே, சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலி முன்னே அமையுமாறு நிற்க வேண்டும். மாலைச் சாய்வொளியில் அக்கற்களின் துளைகளும் தெளிவாகத் தெரியும். உப்புத்துளி படிந்த வில்லையை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நன்னீரில் நனைத்த மென்துணியால் ஒற்றியெடுத்தல் நன்று.

இறங்குதுறையைப் பலரும் ஆளற்ற அழகுக் காட்சியாகவே எடுக்கின்றனர். அது எனக்கு நிறைவளிப்பதில்லை. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலைக் கடந்து வரும் படகை நம்பியே அத்தீவு வாழ்கிறது. அரிசியும் மருந்தும் அதில் வரும். நோயாளரும் மாணவரும் அதில் செல்வர். கடல் கொந்தளித்தால் படகு புறப்படாது. ஆகவே மூட்டை இறக்கும் கைகளையும் கரையில் காத்திருப்போரையும், அவர்தம் இசைவு பெற்று, படத்துள் சேர்த்தல் வேண்டும்.