மேல்மொணவூர் முகாமும் குடியுரிமைச் சட்டமும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரம் அதன் தோல் பதனிடும் ஆலைகளாலும் காலணித் தொழிற்சாலைகளாலும் நாடறிந்தது. அதே வட்டாரத்தில், வேலூரை அடுத்த மேல்மொணவூரிலும் ஆம்பூரை அடுத்த மின்னூரிலும், இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1983 ஜூலைக் கலவரம் தொடங்கி அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் கொண்ட இத்தகைய முகாம்கள், 2021 ஆகஸ்ட் நிலவரப்படி தமிழ்நாட்டில் 108 இருந்தன; அவற்றில் ஏறத்தாழ 58,800 பேர் வாழ்ந்தனர். அகதிகள் முகாம் என்ற பெயரை அந்த ஆண்டே மறுவாழ்வு முகாம் என்று மாற்றிய மாநில அரசு, பல மாவட்டங்களில் கட்டிய 1,591 வீடுகளை 2023 செப்டம்பரில் மேல்மொணவூரில் நடந்த விழாவில் திறந்துவைத்தது. ஆனால் மாநில அரசு வீடு கட்டித் தரலாமே தவிர, குடியுரிமை தர இயலாது. அந்த அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் ஒன்றியத்திடம் மட்டுமே ஒப்படைத்துள்ளது.

ஒருவர் இந்தியக் குடிமகனா என்பதை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தீர்மானிக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே குடிமகன். அந்நாள் முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கோ, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. சட்டவிரோதக் குடியேறி என்போர் செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவர்களும் அனுமதிக்கப்பட்ட காலத்தைத் தாண்டித் தங்கியவர்களும் ஆவர். அவர்கள் பன்னிரண்டு ஆண்டு வசித்தாலும் மற்ற அயல்நாட்டவரைப் போல விண்ணப்பித்துக் குடியுரிமை பெற முடியாது. உயிர் தப்பிப் படகேறியவரிடம் கடவுச்சீட்டு எங்கிருந்து வரும் என்று இந்த வரையறை கேட்பதில்லை. வந்த நாளிலேயே அரசிடம் பதிவு செய்துகொண்டு, காவல்துறையின் கணக்கெடுப்புக்கும் கண்காணிப்புக்கும் பல்லாண்டுகளாக உட்பட்டு வாழ்பவர்களையும் அது அதே சொல்லால்தான் குறிக்கிறது.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு நீதிமன்றம் சென்றபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று கூறியது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். ஓரிரு ஆண்டு தாமதமாகப் பிறந்திருந்தால், முகாமிலேயே பிறந்திருந்தும் அந்த வாக்கு அவருக்கு இல்லை. இந்தத் தேதி வரம்பு கடுமையானதுதான். ஆயினும் அது எவருடைய மதத்தையும் கேட்கவில்லை.

மதத்தைக் கேட்டது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறித்தவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படமாட்டார்கள் என்று அது விதித்தது. முஸ்லிம்கள் இப்பட்டியலில் இல்லை, இலங்கையும் இல்லை. முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அன்று எழுந்த எதிர்ப்பும், முகாம்களில் நிலவிய ஏமாற்றமும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. அரசமைப்பின் 14ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் சமத்துவத்தைக் குடிமக்களுக்கு மட்டுமன்றி, இந்தியாவின் ஆட்சிப்பரப்பில் உள்ள எவருக்கும் உறுதியளிக்கிறது. சட்டம் மக்களை வகைப்படுத்தலாம். ஆனால் அந்த வகைப்பாடு சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தியாக வேண்டும். அரசு மதம் கொண்ட நாடுகளில் துன்புற்ற சிறுபான்மையினரைக் காப்பதே நோக்கம் என்றால், பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று தன் அரசமைப்பின் 9ஆம் உறுப்பிலேயே எழுதி வைத்துள்ள இலங்கையை விலக்கியதற்கு ஏற்கத்தக்க காரணம் ஏதுமில்லை.

சமயம் பாராத சட்டம் எவ்வாறு செயல்படும் என்பதை இந்த வட்டாரம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், பாலாற்றை மாசுபடுத்திய தோல் ஆலைகளுக்கு எதிராக 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஆலை எவருடையது என்பதையன்றிக் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டதா என்பதையே அது பார்த்தது. அத்தகைய சட்டத்தின்மீதுதான் எல்லாத் தரப்பினரும் உண்மையான மதிப்பு வைக்க முடியும்.

முகாம்களில் உள்ள மலையகத் தமிழரின் நிலை இன்னும் வேதனையானது. தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியினரான இவர்களுள் மிகப் பெரும்பாலோரை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. இந்திய வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு மதுரைக் கிளை 2019இல் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்படுவதிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்குப் பெற்றனர். இது வழக்கிலிருந்து காக்குமேயன்றிக் குடியுரிமை தராது. பதிவு செய்துகொண்டு நெடுங்காலம் வசித்த ஏதிலியர் எவரும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும் எச்சமயத்தைச் சார்ந்தாலும், ஒரே அளவுகோலின்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழிசெய்யும் திருத்தத்தை நாடாளுமன்றம் காலம் தாழ்த்தாமல் கொண்டுவர வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு தமிழ்நாட்டின் உறுப்பினர்கள் அனைவருக்கும் உண்டு.