வன்முறைப் படத்துக்குக் கத்தரி மட்டும் போதுமா?

2025 ஆகஸ்டில் வெளியான ரஜினிகாந்தின் 'கூலி' படத்துக்குத் தணிக்கை வாரியம் 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. அதை 'யு/ஏ' ஆக மாற்றித் தரக் கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மனு தள்ளுபடி ஆனது. ஓர் எழுத்துக்காக ஏன் இத்தனை போராட்டம்?

'ஏ' என்றால் 18 வயது நிரம்பாதவர்களுக்குத் தியேட்டரில் இடமில்லை. குடும்பத்தோடு வரும் கூட்டம் குறையும். சின்னத்திரையிலும் அடி விழும். 'யு', 'யு/ஏ' படங்களைத்தான் சேனல்கள் ஒளிபரப்பலாம். 'ஏ' படமென்றால் காட்சிகளைக் குறைத்து மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். மலையாளப் படமான 'மார்க்கோ' தொலைக்காட்சிக்கு வருவதற்கு வாரியம் 2025-இல் அனுமதி மறுத்தது. சாட்டிலைட் உரிமைப் பணம் இந்த எழுத்தில்தான் தொங்குகிறது. அதனால்தான் சில நொடிகளை வெட்டியும், ரத்தத்தை மங்கலாக்கியும் 'யு/ஏ' வாங்கப் பலரும் முயல்கிறார்கள்.

வெட்டிய பிறகு மிஞ்சுவது என்ன என்பதுதான் என் கவலை. ரத்தம் குறைகிறது, நாயகன் ஐம்பது பேரைச் சாய்த்துவிட்டுச் சட்டையை உதறி நடந்து வருவது அப்படியே இருக்கிறது. விழுந்தவனுக்கு வலி இல்லை, வழக்கு இல்லை, அழ ஒரு வீடு இல்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1960-களில் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளை இங்கே நினைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதேபோல் அடித்தார்கள். 1965-இல் வெளியான ஆய்வில், அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்தவர்கள் குறைவாகவே அப்படிச் செய்தார்கள். பொம்மையை அடித்ததை வைத்து, படம் பார்த்தவர் கொலைகாரர் ஆவார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அடிக்குப் பின் என்ன வருகிறது என்பதைக் குழந்தை கவனிக்கிறது. நம் திரையில் அடிக்குப் பின் வருவது பெரும்பாலும் பின்னணி இசையும் விசிலும்தான்.

ஆகவே வன்முறையே வேண்டாம் என்பது தீர்வல்ல. வெற்றிமாறனின் 'விசாரணை'யில் காவல் நிலையத்தில் விழும் ஒவ்வொரு அடியும் பார்ப்பவர் மேல் விழுகிறது. அங்கே யாரும் விசிலடிப்பதில்லை. தடை கேட்டுக் கொடி பிடித்தால் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட படங்கள்தான். வளர்ந்தவர்கள் பார்க்கட்டும். குழந்தைகளிடமிருந்து தள்ளி வைப்பதுதான் நம் வேலை.

அதற்குச் சட்டம் ஓரளவு வழி செய்திருக்கிறது. 2023 ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தம் 'யு/ஏ'வை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. இந்த வயதுக் குறிப்பு பெற்றோருக்கான வழிகாட்டல்தான். 16+ படத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையோடு வரும் அப்பாவைத் தியேட்டர்காரர் தடுக்க அதில் இடமில்லை. 'ஏ' படம் வேறு கதை. சிறுவர்களை உள்ளே விடுவது சட்டமீறல். இருந்தும் கைக்குழந்தையோடு 'ஏ' படத்துக்கு வருபவர்களை இன்றும் பார்க்கிறோம். டிக்கெட் கிழிப்பவர் மறுத்தால், "நீ யாருய்யா கேட்க?" என்று சண்டைக்குப் போவதும் நாம்தான்.

ஓடிடியில் வாசலில் நிற்க ஆளே இல்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 13+, அதற்கு மேற்பட்ட வயதுக் குறிப்புள்ள படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதியை நிறுவனங்கள் தந்தாக வேண்டும். அந்தப் பூட்டைப் போடாத வீடுகள் ஏராளம். தாத்தா முதல் பேத்தி வரை ஒரே கணக்கு, கடவு எண் கிடையாது.

இன்று இரவே அந்தப் பூட்டைப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. டிக்கெட் பதிவு செய்யும்முன் சான்றிதழில் இருக்கும் வயதுக் குறிப்பைப் பாருங்கள். 'ஏ' படத்தில் உங்கள் பிள்ளையை உள்ளே விட மறுக்கும் தியேட்டர் ஊழியரோடு வாதாடாதீர்கள். அவர் சட்டப்படிதான் நடக்கிறார்.