தொட்டில் சட்டத்துக்கு எந்தப் பாலிஷ்?

பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை எதையும் கடித்துத்தான் பார்க்கும். தொட்டில் சட்டம், நடைவண்டிக் கைப்பிடி, குட்டி நாற்காலியின் முதுகு எதுவும் தப்பாது. ஆகவே, குழந்தைச் சாமானுக்குப் பாலிஷ் வாங்கப் போகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'இது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்?' என்பதே.

பெரிய ஆபத்து ஈயம். கால்சியம் போகும் வழியிலேயே ஈயமும் உடலுக்குள் நுழைந்துவிடும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஈயத்துக்கு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கான விதி. தொழிற்சாலைப் பெயிண்டுகள் அதில் அடங்கா.

மும்பையின் மான்குர்த்வாசிகள் இதைக் கவனிக்க வேண்டும். இங்குள்ள மண்டாலா, பழைய சாமான் கிடங்குகளுக்குப் பேர்போன இடம். இப்படிப்பட்ட இடங்களில் மலிவாகக் கிடைக்கும் பாதி டப்பா மஞ்சள், சிவப்பு எனாமல் எதற்காகத் தயாரானது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தொட்டிலுக்கு அடிக்காதீர்கள். சரக்கு அடுக்கும் பேலட்டின் பலகையை வாங்கினால், அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்.டி.' என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அது குழந்தைச் சாமானுக்கு வேண்டாம். பழைய பெயிண்ட் ஒட்டியிருக்கும் கட்டையை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் பறக்கக்கூடும்.

மெலமைன் பாலிஷ் கண்ணாடிபோலப் பளபளக்கும். ஆனால் இறுகும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகும். ஆளிவிதை எண்ணெய் நல்லதுதான். ஆனால் கடையில் 'பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றவும் கூடும். நெருக்கமான சால் வீடுகளில் இது விளையாட்டில்லை.

பழங்காலம் முதலே வழக்கில் இருப்பது அரக்கு. பலாசம், இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் இது. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாவது இதன் சுத்திகரித்த வடிவமே. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில், கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும்; தாழை ஓலையை வைத்து அழுத்தியதும் மினுமினுப்பு வந்துவிடும்.

கட்டிலையும் நாற்காலியையும் அப்படிச் சுழற்ற முடியாது. அங்கே கைகொடுப்பது ஸ்பிரிட் பாலிஷ்: அவலரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சுகளாகத் தேய்ப்பது. ஸ்பிரிட் பறந்துவிடும், மரத்தில் தங்குவது அரக்கு மட்டுமே. ஆனால் அந்த ஸ்பிரிட் நஞ்சு, எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். கரைத்து மாதக்கணக்கில் வைத்த பாலிஷ் சரியாக உலராது. ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். மறுநாளும் பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

அரக்குக்கும் குறை உண்டு. சுடுபால் டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். சானிடைசர் பட்டால் கரையும். மும்பை மழைக்காலத்தில் பூசினால் காற்றின் ஈரம் உள்ளே சிக்கிப் பூச்சு வெளுத்துவிடும். மழை ஓய்ந்தபின் பூசுவதே உத்தமம். ஆனால் பழுது பார்ப்பது சுலபம். புதுப் பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றிவிடும். சுரண்டி எடுக்க வேண்டியதில்லை.

தண்ணீரும் சாப்பாடும் சிந்தும் படிப்பு மேசைக்கு அரக்கு தாங்காது. தண்ணீரில் கலக்கும் வகை வார்னிஷை, ஈயம் இல்லை என்ற குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். விரலில் ஒட்டாவிட்டாலும் உள்ளே முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். வாடை அடியோடு போகும்வரை குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கடிக்கும் இடத்துக்கு அரக்கு, சிந்தும் இடத்துக்குத் தண்ணீர் வார்னிஷ். பெயர் தெரியாத டப்பா எதற்கும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால், பழைய பெயிண்ட் ஒட்டாத மரத்தை வழுவழுப்பாக இழைத்து, பூச்சே இல்லாமல் விட்டுவிடுங்கள். பூச்சால் வரும் கேடு எதுவும் அப்போது குழந்தைக்கு இல்லை.