உங்களுக்குத் தெரியுமா? ஒரே புலம், மூன்று பெயர்

ஜாவாவில் கெட், செட் மெத்தடுகளை லோம்போக் நூலகம் தானே எழுதித் தரும். அவற்றின் பெயரைப் பார்த்துத்தான் ஜாக்சன் நூலகம் ஜேசன் தரவுக்குப் பெயரிடும். 'எக்ஸ்ஆக்சிஸ்' என்ற புலத்தில் எக்ஸ் சிறிய எழுத்து, அடுத்துவரும் ஏ பெரிய எழுத்து என்று கொள்வோம். முன்னால் 'கெட்' சேர்க்கும்போது லோம்போக் எக்ஸையும் பெரிதாக்கிவிடுகிறது. ஜாக்சனோ 'கெட்'டை நீக்கி, தொடக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் பெரிய எழுத்துகள் எல்லாவற்றையும் சிறிதாக்குகிறது. பாவம், ஏ-யும் அதில் அடிபடுகிறது. 1997-ஆம் ஆண்டின் ஜாவாபீன்ஸ் விதிப்படி பார்த்தால், இரண்டு எழுத்துமே பெரிதாக நிற்க வேண்டும். பெயர்கள் இப்படிப் பொருந்தாமல் போனாலும் கம்பைலர் வாயே திறக்காது; நிரல் ஓடும்போதுதான் கோளாறு தெரியும். லோம்போக் 1.18.24 பதிப்பு முதல், 'பீன்ஸ்பெக்' அமைப்பைத் தேர்ந்தால் எக்ஸ் சிறியதாகவே இருக்கும்.