காமிராவும் கையுமாக: பாரிமுனையில் ஒரு ஞாயிறு உலா

நம் நகரைக் காணத் தொலைவிலிருந்து மக்கள் வருகின்றனர். நாமோ அதே தெருக்களைப் பேருந்தின் சன்னல் வழியே நாள்தோறும் கடந்தும் அவற்றை அறியாதவராய் இருக்கின்றோம். கடை, அலுவலகம், வழக்கு என ஏதேனும் ஒரு காரியம் நம்மை விரட்டிக்கொண்டே இருக்கின்றது. விடுமுறை நாளொன்றில், காரியம் ஏதுமின்றி, குடும்பத்தோடு காமிராவும் கையுமாக ஒரே ஒரு வட்டாரத்தை நடந்து காண்பது எத்துணைப் பயனுடையது! சென்னை ஜார்ஜ் டவுனையே எடுத்துக்கொள்வோம்.

ஞாயிறே இதற்கு உகந்த நாள். வார நாள்களில் கைவண்டியும் மூட்டையும் நெருக்கும் தெருக்கள் அன்று சற்றே மூச்சு விடுகின்றன. கடைகள் பலவும் அடைத்திருப்பதால் கண் தானாகவே மேலே செல்கின்றது. கீழே புதிய பெயர்ப்பலகை இருக்க, மேலே பழைய மாடத்தின் மரவேலைப்பாடு தென்படும். காலை வெயில் கடற்பக்கத்திலிருந்து சாய்வாக வீழ்வதால் சுவரின் ஒவ்வொரு புடைப்பும் நிழலோடு தெளிந்து நிற்கும். உச்சி வெயிலில் இந்நயம் கிட்டாது.

பாரிமுனையில் தொடங்குவோம். 1788-இல் இந்நகரில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயரே இம்முனைக்கு நிலைத்துவிட்டது. எதிரே 1892-இல் திறக்கப்பெற்ற உயர்நீதிமன்றம். அதன் உயர்ந்த கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் விளங்கிற்று. 1914 செப்டம்பர் 22 இரவு 'எம்டன்' கப்பல் நகரின்மீது குண்டு பொழிந்ததை நினைவூட்டும் கல்வெட்டு ஒன்று வளாகத்தின் கிழக்கு மதிலில் உண்டு. வளாகத்தினுள் அனுமதியின்றிப் படமெடுத்தலாகாது. வெளியே நின்றே காண்போம்.

மேற்கே சில தெருக்கள் கடந்தால் அரண்மனைக்காரன் தெரு. அரண்மனை எங்கே என்று பிள்ளைகள் கேட்பர். அப்படி ஒன்று அங்கில்லை. ஆர்மீனிய வணிகரின் தெரு அது. 'ஆர்மீனியன்' என்னும் சொல்லே நம்மவர் நாவில் 'அரண்மனைக்காரன்' ஆயிற்று. அவர்களுடைய ஆலயம் 1772-இல் எழுந்தது. அதன் மணிக்கூண்டில் ஆறு பெருமணிகள் உள்ளன. உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் இச்சென்னையிலேதான் அச்சாயிற்று. அதனை நடத்திய குரு ஹாருத்யூன் ஷ்மாவோனியன் இவ்வாலய வளாகத்திலேயே துயில்கின்றார். அச்சமூகம் இந்நகரில் அருகிப்போயிற்று. மணிகளும் கல்லறைக் கற்களும் ஒரு தெருப்பெயருமே எஞ்சியுள்ளன. அதே தெருவிலுள்ள நம் மரியன்னை இணைப்பேராலயத்தில் செவ்வாய்தோறும் அந்தோணியாரை நாடி மக்கள் திரள்வதை வாசகர் அறிவர். அவர்களுள் எத்தனை பேர் அந்த ஆறு மணிகளை அறிவர்?

இவ்வட்டாரத்தின் தெருப்பெயர்களே ஒரு வரலாற்று ஏடு. பவளம் விற்றோர் வாழ்ந்தது பவளக்காரத் தெரு. கிழக்கிந்தியக் கம்பெனி நாணயம் அடித்தது தங்கசாலை. 1962-க்குப் பின் பர்மாவில் வாழ்விழந்து திரும்பிய தமிழர், கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிக் கடை விரித்ததால் எழுந்தது பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த அத்தோவை அருகிலுள்ள தெருக்களில் இன்றும் மக்கள் நின்று உண்கின்றனர். பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொள்வோம். வீடு திரும்பியதும் அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல உதவும்.

படம் ஒரு சாட்சி. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் மதுரையின் புதுமண்டபத்தையும் திருமலை நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். அன்று அவை எந்நிலையில் இருந்தன என்பதை இன்று நாம் அறிவது அப்படங்களால். ஜார்ஜ் டவுனில் பழைய வீடுகள் இடிந்தும் இடிக்கப்பட்டும் மறைந்து வருகின்றன. இன்று நாம் எடுக்கும் ஒரு திண்ணையின் படம், நாளை அத்திண்ணைக்கு ஒரே சாட்சியாக நிற்கக்கூடும்.

ஆயினும் கட்டடத்துக்கு உள்ள முறை மனிதருக்கு ஆகாது. கைவண்டியின்மேல் அயர்ந்து உறங்கும் தொழிலாளியின் படம் அழகாக அமையலாம். ஆனால் அவ்வுறக்கம் அவருக்குரியது, அதனைப் பறித்தலாகாது. விழித்திருக்கையில் வணக்கம் கூறி, ஊரும் பேரும் கேட்டு, அவர் இசைந்தால் மட்டுமே எடுப்போம். மறுமுறை செல்கையில் அச்சிட்ட படமொன்றை அவர் கையில் கொடுப்போம். தம்மைப் பிறர் பார்ப்பதே இல்லை என்று எண்ணி வாழ்பவருக்கு அது சிறு பரிசன்று.

இன்று கைபேசியே காமிராவாகிவிட்டது, எடுப்பதற்குக் கணக்கில்லை. எனவே பத்துப் படங்கள் போதும் என்று முன்னரே வரையறுத்துக்கொள்வது நன்று. எதை எடுப்பது, எதை விடுப்பது என்று பிள்ளைகளே கூடிப் பேசட்டும். அப்பேச்சிலேதான் அவர்கள் தெருவை உண்மையாகப் பார்க்கத் தொடங்குவர். தேர்ந்தவற்றை அச்சிட்டு, பின்புறம் நாளும் தெருவும் எழுதி வையுங்கள். பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் அவர்களிடம் காட்டுங்கள். "இங்கே முன்பு..." என்று அவர்கள் தொடங்கும் சொற்களையும் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் காமிராவிலும் பதியாதவை அவை.